பாதிப் பாட்டில் எழுந்து போனவர்

1970-ம் வருஷம் ஜூன் மாதம். லண்டன் நகருக்குத் தெற்கே யூவெல் என்ற ஊர். அங்குள்ள தொழில் நுட்பக் கல்லூரியில் ஒரு பாட்டுக் கச்சேரி.

முக்கியப் பாடகர் ரால்ப் மெக்டெல். அவருக்கு முன்னதாகப் பாடுவதற்கு ஒரு வாலிபர் மேடை ஏறினார். நல்ல உயரம். கொஞ்சம் கூனிய தோள். நீண்ட தலைமுடி முகத்தில் விழுந்து கிடந்தது. கையில் ஒரு கிதார்.

சபையோரை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு வார்த்தை பேசவும் இல்லை. பாட ஆரம்பித்தார்.

"புரூட் ட்ரீ" என்ற பாட்டு வந்தது. பழ மரம் என்று அர்த்தம். பாட்டு பாதியில் நின்றது. வாலிபர் எழுந்தார். மேடையை விட்டு இறங்கிப் போயே போய்விட்டார்!

அந்த வாலிபரின் பெயர் நிக் டிரேக். அப்போது அவருக்கு வயது 22. அத்துடன் அவருடைய மேடை வாழ்க்கை ஏறக்குறைய முடிந்து போயிற்று.

பாதியில் விட்ட அந்தப் பாட்டு என்ன சொல்கிறது தெரியுமா? ஒருவனுடைய புகழ் பழ மரம் போன்றது. அவன் மண்ணுக்குள் போன பிறகுதான் அது காய்த்துக் குலுங்கும் என்பது அதன் கருத்து. இருபது வயதில் எழுதிய பாட்டு. எழுதியவர் விஷயத்தில் அது அப்படியே பலித்துவிட்டது.

ரங்கூனில் பிறந்தவர்

நிக் டிரேக் ஆங்கிலேயர்தான். ஆனால் பிறந்தது இங்கிலாந்தில் அல்ல. தமிழர்கள் பலர் பிழைக்கப் போன ரங்கூன் நகரில்!

தந்தை ராட்னி டிரேக், பம்பாய் பர்மா வர்த்தகக் கம்பெனியில் என்ஜினீயர். பர்மாவின் தேக்கு வியாபாரத்தில் கொடி கட்டிப் பறந்த கம்பெனி அது. தாயார் மோலி. அவர் பிறந்ததே ரங்கூனில்தான். 1937-ல் இருவருக்கும் கல்யாணம் நடந்தது.

1942-ல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் புகுந்தது. நம்மவர்கள் மூட்டை முடிச்சுகளுடன், காடும் மலையும் கடந்து, கால்நடையாக ஊர் திரும்பிய வருஷம் அது. மோலியும் அவருடைய சகோதரி நான்ஸியும் டில்லிக்குத் தப்பி வந்தார்கள். வந்த இடத்தில் சும்மா இருக்கவில்லை. "லாயிட் சகோதரிகள்" என்ற பெயரில் அகில இந்திய ரேடியோவில் பாடினார்கள்!

1944-ல் லாகூரில் மகள் கேப்ரியல் பிறந்தாள். யுத்தம் ஓய்ந்ததும் குடும்பம் ரங்கூனுக்குத் திரும்பியது. 1948 ஜனவரியில் பர்மா சுதந்திரம் பெற்றது. அதே வருஷம் ஜூன் 19-ந் தேதி நிக் பிறந்தார்.

சில வருஷங்களில் குடும்பம் இங்கிலாந்துக்குக் குடிபோயிற்று. வார்விக்ஷயர் ஜில்லாவில் டான்வொர்த்-இன்-ஆர்டன் என்ற கிராமம். அங்கே "பார் லீஸ்" என்ற பெரிய வீடு. குழந்தைகளை வளர்த்த கரேன் இனத்துப் பர்மிய ஆயாவும் கூடவே வந்தாள்.

அந்த வீட்டில் எப்போதும் பாட்டுச் சத்தம் கேட்டுக் கொண்டிருக்கும். மோலி பியானோவில் உட்கார்ந்து, தாமே எழுதிய பாட்டுகளைத் தாமே பாடுவார். இசைத்தட்டு, மேடை, விளம்பரம் எதுவும் கிடையாது. கேட்பவர்கள் வீட்டு மனிதர்கள்தான். ராட்னிக்கு யந்திரங்களில் ஆசை. ஒலிப்பதிவுக் கருவி ஒன்று வாங்கி, மனைவியின் பாட்டுகளை நாடாவில் பிடித்து வைத்தார். மெல்லிய குரல், அதற்குள் ஒரு சோகம். மகனுடைய பாட்டுக்கு ஊற்றுக்கண் எது என்று தேடுபவர்கள் வேறு எங்கும் போக வேண்டியதில்லை.

13 பவுன் கிதார்

தந்தை படித்த மார்ல்பரோ பள்ளிக்கூடத்திலேயே நிக்கும் சேர்ந்தார். ஓட்டப் பந்தயத்தில் கெட்டிக்காரர். பியானோ, கிளாரினெட், சாக்ஸபோன் மூன்றும் வாசிப்பார். 13 இங்கிலீஷ் பவுன் கொடுத்து ஒரு கிதார் வாங்கினார். அன்று முதல் மற்ற வாத்தியங்கள் எல்லாம் பின்னுக்குப் போய்விட்டன.

1967-ன் தொடக்கத்தில் பிரான்சு தேசத்து எக்ஸ் நகருக்குப் படிக்கப் போனார். படிப்பை விடக் கிதார்தான் அதிகம் நடந்தது. தெருவிலும் வாசித்தார். கஞ்சாப் புகைக்கும் பழக்கமும் அந்தக் காலத்தில் ஒட்டிக் கொண்டது. அக்டோபரில் கேம்பிரிட்ஜில், பிட்ஸ்வில்லியம் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கச் சேர்ந்தார்.

இங்கிலாந்தில் அது எப்படிப்பட்ட காலம்! இளைஞர் உலகமே தலைகீழாகிக் கொண்டிருந்தது. மின்சாரக் கிதார் அலறியது. பாடகர்களுக்குப் பின்னால் வண்ண வண்ண ஒளிகள் சுழன்றன. எல்.எஸ்.டி. என்ற போதை மருந்தைத் தின்றுவிட்டு, விடிய விடிய ஆடினார்கள். லண்டனில் "யூ.எப்.ஓ." என்ற இரவு விடுதி இந்தக் கூத்துக்குத் தலைமைப் பீடம். பிங்க் பிளாயிட் கோஷ்டி பெயர் எடுத்தது அங்கேதான்.

அந்த விடுதியை நடத்தியவர்களில் ஒருவர் ஜோ பாய்ட் என்ற அமெரிக்க வாலிபர். பிங்க் பிளாயிட்டின் முதல் இசைத்தட்டைத் தயாரித்தவரும் இவரே. காலத்தின் சத்தத்தை எல்லாம் கேட்டுப் பழகிய இந்த மனிதர்தான், சத்தமே இல்லாத நிக் டிரேக்கைக் கண்டு எடுத்தார்.

லண்டன் "ரவுண்ட் ஹவுஸ்" அரங்கில் நிக் ஒரு நாள் பாடினார். பேர்போர்ட் கன்வென்ஷன் கோஷ்டியைச் சேர்ந்த ஆஷ்லி ஹட்சிங்ஸ் அதைக் கேட்டார். உடனே போய் ஜோ பாய்டிடம் சொன்னார். பாய்ட் கூப்பிட்டு அனுப்பினார். நிக் ஒரு நாடாவைக் கொண்டு வந்து கொடுத்தார். முதல் பாட்டு முடிவதற்குள்ளேயே பாய்ட் தீர்மானம் செய்து விட்டார். நிக்குக்கு வயது 20 கூட ஆகவில்லை.

மாணவர் சாதித்தார்

முதல் இசைத்தட்டுக்குப் பக்க வாத்தியம் அமைக்க, அனுபவசாலி ஒருவரை ஏற்பாடு செய்தார் பாய்ட். அவர் எழுதிய இசை நிக்குக்குப் பிடிக்கவில்லை. வாயே திறக்காத பையன், இந்த விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக நின்றார். கேம்பிரிட்ஜில் தம்முடன் படிக்கும் ராபர்ட் கர்பி என்ற சிநேகிதர் எழுதட்டும் என்றார்.

ஒரு மாணவனை நம்பி, கூலிக்கு வரும் வித்வான்களை உட்கார வைப்பதா? பாய்டுக்குத் தயக்கம்தான். ஆனால் வயலின்களும் செல்லோவும் ஒலித்ததும் ஒலிப்பதிவுக் கூடமே அசந்து போயிற்று. அதில் சேர்ந்த "ரிவர் மேன்" என்ற ஒரு பாட்டுக்கு மட்டும் தம்மால் முடியாது என்று கர்பி ஒதுங்கிக் கொண்டார். சினிமாவுக்கு இசை அமைத்துப் பழகிய ஹாரி ராபின்சன் அதை எழுதினார்.

அந்தப் பாட்டு ஐந்தைந்து எண்ணிக்கையில் நடக்கிறது. நம் ஊர் மிருதங்கக்காரர் கேட்டால் கண்ட நடை என்று தொடையில் தட்டுவார். மேனாட்டு மெட்டுப் பாட்டில் அது அபூர்வம். கிதார் ஒரு பக்கம் ஆறு போல ஓடுகிறது; குரல் அதன் மேல் அவசரமில்லாமல் மிதக்கிறது.

1969-ல் இசைத்தட்டு வெளியாயிற்று. பெயர் "பைவ் லீவ்ஸ் லெப்ட்"; ஐந்து தாள் பாக்கி என்று பொருள். சிகரெட் சுருட்டும் காகிதக் கட்டில், தாள் தீரப் போகிறது என்று எச்சரிக்க வைத்திருக்கும் வாசகம் அது. அதன் பிறகு நிக் உயிருடன் இருந்ததும் ஐந்து வருஷமே! பிற்காலத்தில் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்துத் திடுக்கிடாத ரசிகர் இல்லை.

உறையிலே பாட்டுகளின் வரிசை தப்பும் தவறுமாக அச்சாகி இருந்தது. பத்திரிகைகளில் மதிப்புரை வந்தது. பெரிய வரவேற்பு என்று சொல்வதற்கில்லை. ஆனாலும் நிக் படிப்பை விடுவதென்று முடிவு செய்தார். பட்டம் வாங்க இன்னும் ஒன்பது மாதமே பாக்கி. தந்தை கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதிப் பார்த்தார். மகன் கேட்கவில்லை. லண்டனில் ஒரு அறையை வாடகைக்குப் பிடித்துக் கொண்டார்.

மேடை ஏன் கைவிட்டது?

1969 செப்டம்பரில் லண்டன் ராயல் பெஸ்டிவல் மண்டபத்தில், பேர்போர்ட் கன்வென்ஷன் கோஷ்டியின் கச்சேரிக்கு முன் நிக் பாடினார். டிக்கெட் வாங்கி நாற்காலியில் உட்கார்ந்த கூட்டம். ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. கைதட்டலுக்குப் பஞ்சமில்லை. ஜோ பாய்ட் மகிழ்ந்து போனார். ஊர் ஊராக அனுப்பினால் பையன் முன்னுக்கு வந்துவிடுவான் என்று நினைத்தார்.

அங்கேதான் கணக்கு தப்பியது.

ஊர் ஊராகப் போனால் பாடவேண்டிய இடம் எது? பீர்க் கடையின் மாடி. கல்லூரிச் சாப்பாட்டுக் கூடம். ஒரு பக்கம் கண்ணாடிக் கோப்பைகளின் சத்தம். இன்னொரு பக்கம் அரட்டை. அங்கே வெற்றி பெற வேண்டுமானால் ஹாஸ்யம் பேசவேண்டும். கூடப் பாடச் சொல்லிக் கூட்டத்தைக் கிளப்பவேண்டும். நிக்கிடம் இரண்டும் இல்லை.

போதாக்குறைக்கு இன்னொரு சங்கடம். அவர் பாட்டுகளுக்குக் கிதாரின் ஆறு தந்திகளையும் அவரே கண்டுபிடித்த விதங்களில் சுருதி மாற்ற வேண்டும். நம் வித்வான்கள் ஒரே சுருதியில் மூன்று மணி நேரம் கச்சேரி செய்து விடுவார்கள். இவருக்கு அந்த வசதி இல்லை. ஒரு பாட்டு முடிந்தால், அடுத்த பாட்டுக்கு முறுக்காணியைத் திருகிக் கொண்டு, தலை குனிந்தபடி நிமிஷக் கணக்கில் உட்கார்ந்திருப்பார். கூட்டம் சும்மா இருக்குமா? பேச்சு வலுக்கும். பாட்டு அதில் மூழ்கிவிடும்.

சில ஊர்களில் பாடிப் பார்த்தார். பிறகு பாய்டுக்கு டெலிபோன் செய்து, இனித் தம்மால் முடியாது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பினார்.

பாடகர் மேடை ஏறாவிட்டால் இசைத்தட்டை யார் வாங்குவார்கள்? அவரோ பத்திரிகைக்காரர்களுடனும் பேசமாட்டார். பேசிய ஒரு முறையும் கேள்விக்கு ஒற்றை வார்த்தைதான் பதில். வாலிப வயதில் அவர் பாடும் சலனப் படம் ஒன்றுகூட உலகத்துக்குக் கிடைக்கவில்லை.

இரண்டாவது இசைத்தட்டு "பிரைட்டர் லேட்டர்" 1971 மார்ச்சில் கடைக்கு வந்தது. பேர்போர்ட் கோஷ்டியின் கலைஞர்கள் வாசித்தார்கள். அமெரிக்காவில் பெயர் பெற்ற ஜான் கேல் இரண்டு பாட்டுகளுக்குத் துணை செய்தார். அவற்றில் "நார்தர்ன் ஸ்கை" என்ற காதல் பாட்டுக்குப் பிற்காலத்தில் மயங்காதவர் இல்லை. இந்த முறை நிச்சயம் விற்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். விற்கவில்லை!

இதற்கிடையே ஒரு வேடிக்கை. நிக்கின் பாட்டுகளை மற்றப் பாடகர்களுக்குக் காட்டுவதற்காக, 1970-ல் மாதிரி ஒலிப்பதிவு ஒன்று செய்தார்கள். கூலிக்கு வந்து அதைப் பாடிக் கொடுத்தவர் எல்டன் ஜான்! அவரும் அப்போது பிரபலமாகாதவர்தான். அவர் சீக்கிரமே உலகப் புகழ் அடைந்தார். நிக் இருந்த இடத்திலேயே இருந்தார்.

ஒரு நிபந்தனை

கடன் தொல்லை தாங்காமல் ஜோ பாய்ட் தம்முடைய கம்பெனியை ஐலண்ட் இசைத்தட்டுக் கம்பெனிக்கு விற்றார். அமெரிக்காவில் வார்னர் பிரதர்ஸ் சினிமாக் கம்பெனியில் வேலை கிடைத்துப் புறப்பட்டார். நிக்குக்குப் பெரிய பக்கபலம் அதோடு விலகிற்று.

ஆனால் போவதற்கு முன் பாய்ட் ஒரு காரியம் செய்தார். நிக் டிரேக்கின் இசைத்தட்டுகள் எக்காலத்திலும் கடைப் பட்டியலிலிருந்து நீக்கப்படக் கூடாது என்று விற்பனையில் ஒரு நிபந்தனை போட்டார். விற்காத சரக்கைக் கம்பெனிகள் ஒன்றிரண்டு வருஷத்தில் கழித்துக் கட்டிவிடுவது வழக்கம். இந்தப் பையனின் தட்டுகளை அப்படிச் செய்ய முடியாது. அன்று அது வீண் பிடிவாதமாகத்தான் தோன்றியிருக்கும். ஐலண்ட் அதிபர் கிறிஸ் பிளாக்வெல் மறுக்கவில்லை. தம்முடைய நல்லெண்ணத்துக்கு அடையாளமாக, நிக்குக்கு வாரம் 20 பவுனும் கொடுத்து வந்தார்.

1971 அக்டோபர். நிக்கிடமிருந்து, ஒலிப்பதிவு நிபுணர் ஜான் வுட்டுக்குத் தகவல் வந்தது. தாம் பாடத் தயார் என்றார். பகலில் கூடம் வேறு ஆட்களுக்கு. ஆகவே இரவு பதினொரு மணிக்கு மேல் வந்தார். வயலின் இல்லை, கோஷ்டி இல்லை, கர்பி இல்லை. ஒரு மனிதர், ஒரு கிதார். முதல் பாட்டில் மட்டும் நாலைந்து விரல் தட்டல் பியானோ. இரண்டே இரவுகளில் பதினொரு பாட்டுகள் முடிந்தன. மொத்தம் 28 நிமிஷம். வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று ஜான் வுட் கேட்டதற்கு, வேண்டாம் என்று விட்டார்.

அதுதான் "பிங்க் மூன்". 1972 பிப்ரவரியில் வெளியாயிற்று. முந்திய இரண்டை விடவும் குறைவாக விற்றது. உயிருடன் இருந்த காலத்தில் அவருடைய எந்த இசைத்தட்டும் 5,000 பிரதியைத் தாண்டவில்லை.

இருண்ட நாட்கள்

மனச்சோர்வு என்ற நோய் அவரை முழுசாகப் பிடித்துக் கொண்டது. லண்டன் அறையைக் காலி செய்து பெற்றோரிடம் வந்து சேர்ந்தார். சில வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். டாக்டர்கள் மாத்திரை கொடுத்தார்கள். குளிப்பது, நகம் வெட்டுவது எல்லாம் நின்று போயிற்று. சிநேகிதர் வீட்டுக்கு வருவார். ஒரு மூலையில் உட்காருவார். பேசாமலேயே திரும்பிப் போவார்.

சில நாள் இரவில் காரை எடுத்துக் கொண்டு, போகுமிடம் தெரியாமல் ஓட்டுவார். பெட்ரோல் தீர்ந்ததும் எங்காவது நிற்கும். வீட்டுக்கு டெலிபோன் வரும். வயதான தந்தை எழுந்து போய் அழைத்து வருவார். அந்த மூன்று வருஷமும் ராட்னி நாட்குறிப்பு எழுதி வந்தார். மகன் இன்று சாப்பிட்டானா, பேசினானா, கிதாரைத் தொட்டானா என்பதுதான் விஷயம்.

அவருடைய நண்பரான பாடகர் ஜான் மார்ட்டின், நிக்கை நினைத்து "சாலிட் ஏர்" என்ற பாட்டை எழுதி, 1973-ல் வெளியிட்டார். நண்பனைக் காப்பாற்றும் வழி மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

1974-ல் லண்டன் வந்த ஜோ பாய்டைச் சந்தித்தபோது, நிக் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கோபப்பட்டார். நான் பெரிய மேதை என்று எல்லோரும் சொன்னீர்களே, அப்படியானால் என் கையில் காசு ஏன் இல்லை, என் தட்டு ஏன் விற்கவில்லை என்று பொரிந்து தள்ளினார். பாய்டால் பதில் சொல்ல முடியவில்லை. மறுபடி பாடச் சொல்லி ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைத்துப் போனார்கள். ஐயோ, என்ன பரிதாபம்! அத்தனை லாகவமாக வாசித்துக் கொண்டே பாடியவரால், இப்போது இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியவில்லை. முதலில் கிதாரைப் பதிவு செய்து, பிறகு குரலைத் தனியாகச் சேர்க்க வேண்டி இருந்தது.

அந்த இலையுதிர் காலத்தில் பாரிஸ் போய்ச் சில நாள் இருந்தார். திரும்பி வந்தபோது முகத்தில் கொஞ்சம் தெளிவு. பெற்றோருக்கு நம்பிக்கை பிறந்தது.

நவம்பர் 24-ந் தேதி இரவு சீக்கிரமே படுக்கப் போனார். மறு நாள் நண்பகல் நெருங்கியும் எழுந்து வரவில்லை. மோலி கதவைத் திறந்து பார்த்தார். மகன் உயிருடன் இல்லை. வயது 26. மனச்சோர்வுக்காக டாக்டர் கொடுத்த மாத்திரைகள் அளவுக்கு மிஞ்சியதே காரணம். தற்கொலை என்று மரண விசாரணை அதிகாரி தீர்ப்புச் சொன்னார். நெருங்கிய சிலர் அதை ஏற்கவில்லை. தவறுதலாக நடந்தது என்றே எண்ணினார்கள்.

கதவைத் தட்டியவர்கள்

பிறகு ஒரு விசித்திரம் நடந்தது. பார் லீஸ் வீட்டு வாசலில் அறிமுகம் இல்லாத இளைஞர்கள் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். இங்கிலாந்தின் மூலை முடுக்குகளில் இருந்தும், கடல் கடந்தும் வந்தார்கள். தட்டுகள்தான் கடையில் கிடைத்துக் கொண்டே இருந்தனவே! ஒருவர் கேட்டு இன்னொருவருக்குச் சொல்லி, ரசிகர்கள் பெருகிக் கொண்டிருந்தார்கள்.

பெற்றோர் யாரையும் விரட்டவில்லை. உள்ளே அழைத்துத் தேநீர் கொடுத்தார்கள். மகனுடைய அறையைக் காட்டினார்கள். மகன் வீட்டில் பாடி வைத்த நாடாக்களைப் பிரதி எடுத்தும் கொடுத்தார்கள். சிலர் அந்தப் பிரதிகளைத் திருட்டுத் தட்டாக்கி விற்றதும் உண்டு!

1979-ல் ஐலண்ட் கம்பெனி மூன்று தட்டுகளையும் ஒரே பெட்டியில் வெளியிட்டது. பெட்டிக்குப் பெயர் "புரூட் ட்ரீ". ராட்னி 1988-லும் மோலி 1993-லும் காலமானார்கள். மகன் பெயர் மெல்லப் பரவியதை இருவரும் பார்த்தார்கள். பெரிய வெள்ளம் வந்ததைப் பார்க்கவில்லை.

அது 1999-ல் வந்தது. அமெரிக்க டெலிவிஷனில் வோல்க்ஸ்வேகன் காருக்கு ஒரு விளம்பரம். நாலு இளைஞர்கள் நிலவொளியில் திறந்த காரில் போகிறார்கள். விருந்து வீடு வருகிறது, ஒரே கூச்சல். ஒருவரை ஒருவர் பார்த்துக் கொள்கிறார்கள். இறங்காமல் வண்டியைத் திருப்பி, நிலவுக்குள்ளேயே போய்விடுகிறார்கள். பின்னணியில் "பிங்க் மூன்" பாட்டு! அடுத்த மாதங்களில் அந்தத் தட்டு பல மடங்கு விற்றது. நிக் ஜீவித்திருந்தபோது விற்றதெல்லாம் அதற்கு முன் தூசு.

2004-ல் இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலில் முதல் நாற்பதுக்குள் நிக் டிரேக்கின் பாட்டு ஒன்று இடம் பெற்றது. அவர் இறந்து முப்பது வருஷம் ஆகியிருந்தது.

சகோதரி கேப்ரியல் நாடகத்திலும் டெலிவிஷனிலும் பெயர் எடுத்த நடிகை. 2014-ல் கடிதங்களையும் தந்தையின் நாட்குறிப்பையும் சேர்த்து, ஒரு பெரிய புத்தகமாக வெளியிட்டார்.

டான்வொர்த் கிராமத்து மாதா கோவில் தோட்டத்தில், ஒரு கருவாலி மரத்தடியில் நிக்கின் அஸ்தி இருக்கிறது. வருகிறவர்கள் சிறு காசுகளும் பூக்களும் வைத்து விட்டுப் போகிறார்கள்.

அதற்கு முந்திய வருஷமே, 2013-ல், இன்னொரு இசைத்தட்டு வெளிவந்திருந்தது. மெல்லிய பெண் குரல், பியானோ, பின்னால் பழைய நாடாவின் இரைச்சல். பாடியவர் மோலி டிரேக். ராட்னி அன்று வீட்டுக் கூடத்தில் பிடித்து வைத்த அதே பாட்டுகள். மோலி இறந்து அப்போது இருபது வருஷம் ஆகியிருந்தது.